சொப்பனத்தில் வந்த தொழில்

ஒதியம்பட்டு செல்லப்பன் வீட்டுத் தொழில் ஒரு சொப்பனத்தில் ஆரம்பித்தது என்று சபையில் எல்லோருக்கும் தெரியும். செல்லப்பனே பத்து வருஷமாகச் சாட்சி நேரத்தில் எழுந்து நின்று அதைச் சொல்லி வந்தார். விடியற்காலையில் வெள்ளை உடுப்பில் ஒருவர் வந்து, அவர் கையைப் பிடித்து, கண்ணாடியில் பைபிள் வசனம் எழுதக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனாராம். சொல்லும்போது குரல் தழதழக்கும். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு நடுவில் பாயில் உட்கார்ந்து, நகக்கண்ணில் ஒட்டிய மஞ்சள் பெயிண்டைச் சுரண்டிக்கொண்டிருப்பாள் அவர் மகள் அமுதம்.

நடந்தது வேறு. செல்லப்பன் புதுச்சேரியில் மில் வேலை பார்த்தவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றில் ஒரு மைதானக் கூட்டத்தில் பிரசங்கம் கேட்டு மனம் மாறினார். மாறினதும் அரைகுறையாக மாறவில்லை. வீட்டுக்கு வந்து மனைவி தையலம்மாளின் தாலியையும் தோட்டையும் கழற்றச் சொன்னார். சுவரிலிருந்த காலண்டர்களைக் கிழித்துப் போட்டார். பூ, பொட்டு, சினிமா, ரேடியோ, கலர் புடவை எல்லாம் ஒரே வாரத்தில் போயின. மில்லில் ஆயுத பூஜைப் பொரியை வாங்க மாட்டேன் என்று சண்டை பிடித்து வேலையையும் விட்டார்.

பிறகு வயிறு என்று ஒன்று இருக்கிறதே. பட்டணத்தில் ஒருவரிடம் வசனப் பலகைகளை வாங்கி, சைக்கிளில் கட்டிக்கொண்டு பாகூர், நெட்டப்பாக்கம், கரியமாணிக்கம் வரைக்கும் போய் விற்றார். கிறிஸ்தவர்கள் வீட்டு நிலைக்கு மேல் மாட்டுகிற கண்ணாடிப் பலகை. நன்றாகத்தான் விற்றது. ஒரு நாள் ஒரு பலகையைக் கொண்டுவந்து, பன்னிரண்டு வயது அமுதத்தின் முன்னால் வைத்தார்.

"இதே மாதிரி நீ போடு. ஏன் ஊரான் கிட்ட போய் நிக்கணும்?"

அமுதம் ஆறாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்துத் தகட்டைக் கழற்றினாள். அப்பாவின் சவர பிளேடை எடுத்து, பின்னாலிருந்து பெயிண்டை ஒவ்வொரு பூச்சாகச் சுரண்டிக்கொண்டே போனாள். முதலில் கறுப்பு வந்தது, அதற்கு அடியில் மஞ்சள் எழுத்து, அதற்கு அடியில் வெறும் கண்ணாடி. அப்போது புரிந்தது. எழுதுவதெல்லாம் கண்ணாடியின் முதுகில். எழுத்தை இடமும் வலமும் மாற்றி எழுத வேண்டும். முதலில் எதை வைக்கிறோமோ அதுதான் முன்னால் நிற்கும். அதன் மேல் எத்தனை பூச்சுப் பூசினாலும் எல்லாம் அதற்குப் பின்னால்தான் போய் நிற்கும். ஒரு தடவை வைத்ததை மறைக்க வழியே கிடையாது, சுரண்டத்தான் வேண்டும்.

நல்ல பலகையைச் சுரண்டி நாசம் பண்ணியதற்கு முதுகில் நாலு விழுந்தது. நாலாம் நாள் அவள் போட்டுக்காட்டிய பலகையைப் பார்த்ததும் அடி நின்றது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை செல்லப்பனுக்குச் சொப்பனம் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு பத்து வருஷம் அமுதம் தோட்டத்துப் பக்கத்து அறையில் குனிந்தே கிடந்தாள். கறுப்புப் பின்னணி, மஞ்சள் எழுத்து, அவ்வளவுதான் சட்டம். ஓர் உருவம் கூடாது. உருவம் போட்டால் விக்கிரகம் என்பார் செல்லப்பன். பூ போடலாமா என்று ஒருமுறை கேட்டாள். "பூவும் படம்தான்டி" என்றார். ஒருமுறை ஓர் எழுத்தின் வாலைக் கொஞ்சம் நீட்டி, கொடி மாதிரி வளைத்து, நுனியில் ஓர் இலை வைத்துவிட்டாள். சாயங்காலம் பலகைகளைச் சுவரில் சாய்த்துவைத்துப் பார்வையிடும்போது அந்த ஒற்றை இலையைச் சரியாகக் கண்டுபிடித்தார். "எடு" என்றார். எடுக்கச் சொல்வதுதான் அவர் வேலை. எப்படி எடுப்பது என்பது அவருக்குத் தெரியாது. டர்பன்டைன் வாடைக்குத் தலை வலிக்கிறது என்று அந்த அறைக்குள் அவர் கால் வைத்ததே இல்லை.

ஒவ்வொரு பலகையின் மூலையிலும் 'செல்லப்பன், ஒதியம்பட்டு' என்று கையெழுத்து இருக்கும். அதையும் அவள்தான் எழுதினாள். பெண் கேட்டு வந்தவர்களுக்கு, "கர்த்தர் இன்னும் உத்தரவு குடுக்கல" என்று பதில் போயிற்று. கர்த்தர் எதற்குக் காத்திருந்தாரோ தெரியாது. செல்லப்பன் காத்திருந்தது சபைகளெல்லாம் கூடுகிற அடுத்த கன்வென்ஷனின் பலகை ஆர்டருக்கு.

எழுபத்து நாலில் சபைக்குப் புது ஜெப வீடு கட்டினார்கள். முன்சுவரில் மாட்டப் பெரிய பலகை ஒன்று வேண்டும் என்றார் பாஸ்டர். வசனத்தையும் அவரே குறித்துக் கொடுத்தார். ஆகாயத்துப் பறவைகள் எந்தப் பாடும் படாமல் பிழைப்பதைப் பற்றிய வசனம்.

சீட்டைப் படித்துவிட்டு அமுதம் சிரித்தாள். வசனத்திலேயே பறவை இருக்கிறது, பலகையில் மட்டும் எப்படி இல்லாமல் போகும்? மூன்று நாள் சாயங்காலம் துணி துவைக்கிற சாக்கில் சங்கராபரணி ஆற்றங்கரைக்குப் போய் உட்கார்ந்தாள். மீன்கொத்தி தண்ணீரில் விழுந்து எழும்புவதைப் பார்த்தாள். வந்து வசனத்தைச் சுற்றி ஐந்து பறவைகள் போட்டாள். ஒரு மீன்கொத்தி, ஒரு கொக்கு, ஒரு மைனா, இரண்டு தூக்கணாங்குருவி. பின்னணிக்குக் கறுப்பு அடிக்கவில்லை. கண்ணாடியை அப்படியே விட்டு, பின்னால் வெளிர்நீலக் காகிதம் வைத்துத் தகடு அடித்தாள். மாட்டுகிற அன்றைக்குக் காலையில்தான் முடித்து, வெள்ளை வேட்டியில் சுற்றிக் கொடுத்தாள். தெரிந்தேதான் செய்தாள். தெரியாமல் செய்துவிட்டேன் என்று பிற்பாடு ஒருநாளும் அவள் சொன்னதில்லை.

ஜெபம் முடிந்து, பலகையைச் சுற்றியிருந்த வேட்டியைச் செல்லப்பன் விலக்கினார். கூட்டம் "ஸ்தோத்திரம்" என்று ஆரம்பித்துப் பாதியில் நின்றது.

பாஸ்டர் முகம் கறுத்தது. "பிரதர், பரிசுத்த ஸ்தலத்தில் இது என்ன?" என்றார்.

செல்லப்பன் வேட்டியை மறுபடி பலகை மேல் இழுத்துப் போடப் பார்த்தார். மகள் செய்தாள் என்று சொல்ல முடியாது. சொன்னால் சொப்பனம் என்ன ஆவது? "கை தவறிப்போச்சு, பாஸ்டர் ஐயா" என்றார்.

"காணிக்கைப் பணத்தில் வாங்கின கண்ணாடி. உடைக்க வேண்டாம். வசனம் இருக்கட்டும். பறவைகளின் மேல் கறுப்பைப் பூசி மறைத்துவிடும்."

வீடு நாலு எட்டில்தான் இருந்தது. அமுதம் போய்க் கறுப்பு டப்பாவும் பிரஷ்ஷும் கொண்டுவந்து, இரண்டு கையாலும் மரியாதையாக அப்பாவிடம் நீட்டினாள். செல்லப்பன் அவளை ஒரு பார்வை பார்த்தார். என்ன செய்வது என்று கேட்கிற பார்வை. அவள் டப்பாவின் மூடியைத் திறந்து வைத்தாள். பத்து வருஷம் வீட்டில் நடந்த வேலை. ஒருநாள் குனிந்து பார்த்திருந்தால் அந்த மனுஷன் தப்பித்திருப்பார்.

பெயிண்ட் எல்லாம் கண்ணாடியின் பின்பக்கம் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். பலகையைக் கவிழ்த்துப் போட்டார். தகட்டையும் காகிதத்தையும் கழற்றினார். எழுத்தில் படாமல், பறவைகளின் மேல் மட்டும், நாக்கைத் துருத்திக்கொண்டு, பள்ளிக்கூடப் பையன் மாதிரி பார்த்துப் பார்த்துப் பூசினார். கறுப்பு வழிந்து பறவைகளைச் சுற்றியும் பரவியது. நிமிர்த்திக் காட்டினார்.

ஐந்து பறவைகளும் அப்படியே இருந்தன. அப்படியே என்று சொல்வதும் சரியில்லை. வெளிர்நீலத்தில் அடக்கமாக இருந்தவை கறுப்பு பட்டதும் பளிச்சென்று எழுந்து நின்றன. மீன்கொத்தியின் நீலம் கடைசி வரிசை வரைக்கும் தெரிந்தது.

"ஒழுங்காப் பூசலியா?" என்றார் பாஸ்டர். செல்லப்பன் மறுபடி கவிழ்த்து இரண்டாம் பூச்சுப் பூசினார். நிமிர்த்தினார். பறவைகள் இருந்தன.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. வாயை மூடியும் அடங்காத சிரிப்பு. தையலம்மாள்தான். தாலியைக் கழற்றிக் கொடுத்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து யாரும் கேட்டதில்லை.

"பிரதர், இந்தப் பலகைகள் உம்முடைய கைவேலைதானா?" என்று கேட்டார் பாஸ்டர். செல்லப்பன் பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் குதித்தார்.

"என் மானத்த வாங்கிட்டியேடி! ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாது?"

"உங்களுக்குத்தான் சொப்பனத்துலயே சொல்லிக் குடுத்தாங்களே, நான் இன்னாத்துக்குப்பா?"

கை ஓங்கினார். அமுதம் நகரவில்லை. பன்னிரண்டு வயதில் வாங்கினதே போதும் என்று இருந்தது அவளுக்கு. ஓங்கிய கை தானாக இறங்கியது.

"இனிமே நான் பிரஷ்ஷத் தொட மாட்டன்" என்றாள். "சாட்சி நேரத்துல எழுந்து, இது என் பொண்ணு வேலைன்னு சொல்லுங்க. அன்னிக்குத் தொடறன். நான் போடறத எடுன்னு அதுக்கு மேல யாரும் சொல்லக் கூடாது."

கடலூர் கன்வென்ஷனுக்கு நாற்பது பலகை பாக்கி இருந்தது. செல்லப்பன் முதல்முறையாக அந்த அறைக்குள் போனார். நாலு நாள் உட்கார்ந்தார். முதல் நாள் நேராக எழுதிவிட்டு, நிமிர்த்தினால் எல்லாம் இடம் வலமாக மாறி இருக்கிறது என்று திகைத்தார். இரண்டாம் நாள் மாற்றி எழுதப் பார்த்தார், பாதி எழுத்து அந்தப் பக்கமும் பாதி இந்தப் பக்கமும் பார்த்தன. மூன்றாம் நாள் முதலில் கறுப்பை அடித்துவிட்டு அதன் மேல் மஞ்சள் எழுதினார். முன்னாலிருந்து பார்த்தால் நல்ல கறுப்புக் கண்ணாடி. நாலாம் நாள் அறைக்குள்ளிருந்து சத்தமே இல்லை. அமுதம் முறத்தில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் பயம்தான். அவர் மட்டும் சொல்லாமலே இருந்துவிட்டால் இந்த ஜென்மத்தில் அவள் கை அவளுடையதாகாது.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் செல்லப்பன் எழுந்தார். வழக்கமான தழதழப்பு இல்லை.

"எனக்குச் சொப்பனம் ஒண்ணும் வரல. எல்லாம் அமுதம் போட்டது. மொதல் பலகையிலருந்து" என்றார். உட்கார்ந்துவிட்டார்.

கூட்டம் பழக்கதோஷத்தில் "அல்லேலூயா" என்றது. பிறகுதான் என்ன கேட்டோம் என்று உறைத்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பாஸ்டர் சுதாரித்துக்கொண்டார். "கர்த்தர் சத்தியத்தை வெளியே கொண்டுவந்தார். இனிமேல் சகோதரி அமுதத்தின் தாலந்து, கர்த்தர் கொடுத்த கைத்திறமை, சபைக்குச் சொந்தம். சபை எதை எழுதச் சொல்லுகிறதோ அதை எழுதுவாள். படம் இருக்காது."

அந்தச் சபையில் பெண்கள் பாடலாம், அழலாம், பாய் விரிக்கலாம். பேசும் வழக்கம் இல்லை. அமுதம் எழுந்து நின்றாள்.

"முடியாது."

"இன்னா சொன்ன?" என்றார் பாஸ்டர். பிரசங்கத் தமிழ் எங்கேயோ போய்விட்டது.

"முடியாதுன்னு சொன்னன். அப்பா கையிலருந்து வாங்கி உங்க கையில குடுக்க நான் இன்னா சைக்கிளா? எந்த வசனம் எழுதறது, இன்னா படம் போடறதுன்னு நான் பாத்துக்கறன். வேணுங்கறவங்க வாங்குங்க. வேணாங்கறவங்க செவுத்த வெறும் செவுரா வச்சிக்குங்க."

"சபை நீக்கம் ஆயிடும்."

"ஆவட்டும்."

பாயைத் தாண்டிக்கொண்டு வெளியே நடந்தாள். தையலம்மாள் யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தாள்.

நீக்கம் நடந்தது. கடலூர்க்காரர்கள் பாதி ஆர்டரை நிறுத்தினார்கள். ஆனால் வில்லியனூர் மாதா கோயிலுக்கு வருகிறவர்கள் கேட்டு வாங்கினார்கள். கிளி போட்டும் நண்டு போட்டும் வாங்கிப்போனார்கள். வீராம்பட்டினத்திலிருந்து ஒருவர் வந்து, வசனமே வேண்டாம், என் படகை மட்டும் போடு தாயி என்றார். முப்பது வயதில் அமுதம், பலகைகளுக்கு மரச்சட்டம் அடிக்கிற இருசப்பனைக் கல்யாணம் செய்துகொண்டாள். கர்த்தரின் உத்தரவுக்கு யாரையும் அனுப்பவில்லை. எண்பதுகளில் சுற்றுப்பட்டு ஊர்களில் அவள் பேர் எழுதிய பலகை இல்லாத தெரு குறைவு.

அதெல்லாம் பிறகு. அந்த ஞாயிற்றுக்கிழமை செல்லப்பன் மத்தியானம் தாண்டித்தான் வீட்டுக்கு வந்தார். கை கழுவினார். தையலம்மாள் சோறு போட்டாள். பாதிச் சாப்பாட்டில், தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நாளைக்கு இன்னா வேல?"

அந்த வீட்டில் அந்தக் கேள்வியை அதுவரைக்கும் கேட்டவள் அமுதம் மட்டும்தான். அவள் குழம்புச் சட்டியை நகர்த்தி வைத்தாள்.

"இருவது கண்ணாடி கழுவணும். சோப்ப அள்ளிப் போடாதீங்க, பெயிண்ட் ஒட்டாது."

"சரி" என்றார் செல்லப்பன்.