ஐந்தாம் நம்பர் காலுக்கு ஆறாம் நம்பர் ஷூ

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை. கூரியர்காரர் எங்கள் கேட்டில் நின்று பெல் அடித்தார். கையில் பெரிய அட்டைப்பெட்டி. மாடி வீட்டு ரெபேக்காவுக்கு வந்தது. அவள் பயிற்சிக்குப் போயிருந்தாள். நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்தேன்.

ரெபேக்கா யார்?

பாரிவாக்கத்தில் எங்கள் மாடியில் குடியிருக்கும் பெண். சொந்த ஊர் ஆவடி. கணவன் பிரபு அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கிறான். இவளுக்கு வேலை... கிரிக்கெட். பொழுதுபோக்கு இல்லை சார், வேலையே அதுதான். மாநிலப் பெண்கள் அணியில் வேகப்பந்து வீச்சாளர்.

"இந்த ஒல்லிப் பொண்ணா?" என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஒருநாள் பக்கத்துக் காலி மனையில் அவள் பந்து போட, நான் மட்டை பிடித்தேன். பந்து வந்ததை நான் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் காம்பவுண்டுச் சுவரில் 'டப்' என்று சத்தம் கேட்டது. அவ்வளவுதான். மட்டையை அவளிடமே கொடுத்துவிட்டு உள்ளே வந்து காபி குடித்தேன்.

அந்தப் பெட்டியில் இருந்தது ஷூ. ஒரு பெரிய கம்பெனி அவளோடு ஒப்பந்தம் போட்டிருந்தது. அவர்கள் ஷூ கொடுப்பார்கள், கொஞ்சம் பணமும் கொடுப்பார்கள். இவள் எல்லா மேட்சிலும் அதைத்தான் போட்டு ஆட வேண்டும். போட்டோவிலும் அதுதான் தெரிய வேண்டும்.

டி.வி.யில் வரும் பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாம் கடை கடையாக ஏறி இறங்கி ஷூ வாங்குவதில்லை. கம்பெனியே காலை அளந்து செய்து அனுப்பும். அதிலும் திருப்தி இல்லாத வேகப்பந்து வீச்சாளர்கள், ஷூ முனையில் பெருவிரல் இருக்கும் இடத்தை வெட்டி ஓட்டை போட்டுக்கொள்வார்களாம். விரல் இடிக்கக் கூடாது, அதற்காக. இதெல்லாம் ரெபேக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அடுத்த வரிசையில் இருப்பவர்கள் பாடு வேறு. சொந்தக் காசு. இல்லையென்றால் வெளிநாடு போய் வரும் சீனியரிடம் கெஞ்சல். ரெபேக்கா அதுவரை போட்டுக்கொண்டிருந்த ஜோடி அப்படி வந்ததுதான். ஆஸ்திரேலியா போன ஒரு சீனியர் அக்கா தனக்கு வாங்கி, சின்னதாக இருக்கிறது என்று இவளுக்குக் கொடுத்தது. இவள் காலுக்குக் கச்சிதம். ஆனால் அடிப்பாகம் பிளக்க ஆரம்பித்துவிட்டது.

எனவே அட்டைப்பெட்டி வந்த அன்று மாடியில் ஒரே கொண்டாட்டம். என் மனைவி கேசரி கிண்டினாள். பிரபு பெட்டியைப் பிரித்தான். வெள்ளையும் ஆரஞ்சுமாக... பளபளவென்று... ஷூ இல்லை, நகை!

ரெபேக்கா போட்டுக்கொண்டு ஹாலில் நாலு எட்டு நடந்தாள். முகம் மாறிவிட்டது.

"ஆறாம் நம்பர் அனுப்பியிருக்காங்க அங்கிள். எனக்கு அஞ்சு."

"மாத்தித் தரச் சொல்லேன்மா."

"நம்ம ஊர்ல பௌலிங் ஷூவே ஆறுலேர்ந்துதான் பண்றாங்க. ஆம்பளைங்க சைஸ்."

ஒரு நம்பர்தானே, ரெண்டு சாக்ஸ் போட்டால் சரியாகிவிடாதா? நானும் கேட்டேன். அவள் பொறுமையாகச் சொன்னாள். பேட்டிங் ஆடுகிறவர்கள் ஷூ லேசானது, வளையும். பந்து வீசுகிறவர்கள் ஷூ கெட்டியானது. அடியில் இரும்பு முள். ஓடி வந்து, எகிறி, முன்காலை 'தடால்' என்று ஊன்றும்போது மொத்த உடம்பும் அந்த ஒரு காலில்தான் இறங்குகிறது. தரையில் ஷூ நின்றுவிடும். லூசாக இருந்தால் உள்ளே கால் நிற்காது. வழுக்கிப் போய் முனையில் இடிக்கும். ஒவ்வொரு பந்துக்கும் இடிக்கும். நகம் கறுக்கும். அப்புறம் நகமே போய்விடும்.

ஆனாலும் முயற்சி செய்தாள். உள்ளே மெத்தை போல ஒன்றை வைத்தாள். ரெண்டு சாக்ஸ் போட்டாள். நாலு நாள் பயிற்சி முடிந்து, மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக ஏறினாள். பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

பத்து நாளில் ஒரு முக்கியமான மேட்ச். தேர்வாளர்கள் வருகிறார்கள். அதில் நன்றாகப் போட்டால் அடுத்த கட்டப் பயிற்சி முகாமுக்குக் கூப்பிடுவார்கள்.

சரி, காசு போனால் போகிறது, ஒரு ஜோடி வாங்கிவிடலாம் என்று அம்பத்தூரில் ஒரு ஸ்போர்ட்ஸ் கடைக்குக் கிளம்பினோம். சாயந்திரம்தான் போக வேண்டும் என்றாள். நாள் முழுக்க நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது போட்டுப் பார்த்தால்தான் சரியான அளவு தெரியுமாம். மேட்சுக்குப் போடும் சாக்ஸையும் மறக்காமல் எடுத்துக்கொண்டாள்.

கடைக்காரர் நேராகப் பிரபு முன்னால் குனிந்து உட்கார்ந்தார்.

"உன் சைஸ் இன்னா அண்ணாத்தே?"

"எனக்கு இல்லப்பா. அவங்களுக்கு."

"லேடீஸ் வாக்கிங் ஷூவா? அந்தப் பக்கம் கீது பாரு."

"வாக்கிங் இல்ல. பௌலிங் ஸ்பைக்ஸ்," என்றாள் ரெபேக்கா.

அவர் ஒருமுறை அவளைப் பார்த்தார். ஒருமுறை பிரபுவைப் பார்த்தார். கிண்டல் இல்லை, நிஜமாகவே குழம்பிப் போனார்.

"லேடீஸ்க்கு அதெல்லாம் வர்றதே இல்லக்கா. ஸ்கூல் பசங்க சைஸ்ல ஒண்ணு கீது, தரட்டுமா?"

எடுத்து வந்தார். ரெபேக்கா அதைக் கையில் வாங்கி இரண்டாக வளைத்தாள். அப்பளம் மாதிரி மடிந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஆவடி, பூந்தமல்லி என்று இன்னும் சில கடைகள் பார்த்தோம். எல்லா இடத்திலும் முதலில் பிரபு காலைத்தான் பார்த்தார்கள்.

"ரெபா, நான் ஒரு ஐடியா சொல்றேன், கேளு," என்றான் பிரபு, திரும்பி வந்ததும். "புது ஷூலேர்ந்து கம்பெனி ஸ்டிக்கரைப் பிரிச்சு பழைய ஷூல ஒட்டிடலாம். எவனுக்குத் தெரியப்போது? பேட்ல எல்லாரும் காசு குடுக்கற கம்பெனி ஸ்டிக்கரை அப்படித்தான ஒட்டிக்கினு கீறாங்க?"

எனக்குக்கூட நல்ல யோசனையாகத்தான் பட்டது. பணமும் போகாது, காலும் பிழைக்கும்.

ரெபேக்கா புது ஷூவைப் பெட்டியில் வைத்து மூடினாள். பிறகு சொன்னாள்: "ஒட்டலாம் பிரபு. ஆனா என் போட்டோவப் பாத்துட்டு திருநின்றவூர்லயோ திருவள்ளூர்லயோ ஒரு பொண்ணு, அக்கா போட்ட ஷூதான் வேணும்னு வீட்டுல அழுது இதையே வாங்குவா. அவ நகமும் போகும். வேணாம்."

மறுநாள் காலையில் கம்பெனியின் சென்னைப் பொறுப்பாளருக்கு அவளே போன் போட்டாள். ஸ்பீக்கரில் நாங்களும் கேட்டோம். நல்ல பையன்தான், மரியாதையாகப் பேசினான். "மேடம், மத்த பொண்ணுங்க யாருமே கம்ப்ளெய்ன்ட் பண்ணலையே? இந்த ஒரு மேட்ச் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்களேன்..."

'அட்ஜஸ்ட்' என்ற சொல்லை நம் ஊரில் பெண்களிடம்தான் அதிகம் சொல்கிறோம். கவனித்திருக்கிறீர்களா?

"முடியாது சார். நான் என் பழைய ஷூ போட்டுத்தான் ஆடப்போறேன். முன்னாடியே சொல்லிடலாம்னுதான் கூப்பிட்டேன்," என்றாள். போனை வைத்த பிறகு கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தாள். அந்த ஒப்பந்தப் பணத்தில்தான் காயம் பட்டால் வைத்தியம், வெளியூர்ப் பயணம் எல்லாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள்.

பழைய ஷூவை பூந்தமல்லியில் கொடுத்து, சுற்றிலும் நைலான் நூல் போட்டுத் தைத்து வாங்கி வந்தான் பிரபு. அதிலிருந்த வேறு கம்பெனி முத்திரையின் மேல் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டினாள் ரெபேக்கா. யாருக்கும் விளம்பரம் வேண்டாமாம்.

மேட்ச் அன்று நானும் மனைவியும் போனோம். ஆவடிப் பக்கம் ஒரு கல்லூரி மைதானம். நல்ல வெயில். அந்தப் பொறுப்பாளரும் கூலிங் கிளாஸோடு வந்து உட்கார்ந்திருந்தான்.

முதல் இரண்டு ஓவர் சரியில்லை. பவுண்டரியாகப் போனது. பயத்தில் போடுகிறாளோ என்று நினைத்தேன். மூன்றாவது ஓவரில் ஒரு பந்து உள்ளே திரும்பி நடு ஸ்டம்பைப் பிடுங்கியது. பிரபு எழுந்து நின்று கத்தியதில் என் மனைவியின் கையிலிருந்த தண்ணீர் பாட்டில் கீழே விழுந்தது. அடுத்த ஓவரில் இன்னொரு விக்கெட்.

அப்புறம்தான் அது நடந்தது. ஓடி வந்து கால் ஊன்றினாள், தடுமாறினாள், முழங்காலில் விழுந்தாள். ஷூவின் முன்பக்கம் தையலோடு வாயைப் பிளந்துவிட்டது.

மைதானமே நின்றது. அவள் எல்லைக்கோட்டருகே வந்து உட்கார்ந்தாள். பிரபு வேலியோரமாக ஓடினான். அணியின் பிசியோதெரபிஸ்ட், "புது ஷூதான் பையில இருக்கே, போட்டுக்கயேன்," என்றார். ரெபேக்கா பையைப் பார்த்தாள். கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டு அந்தப் பையனும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். போட்டுக்கொண்டால் ஒப்பந்தம் மிச்சம். யாரும் தப்பாக நினைக்கப் போவதில்லை.

அவள் பிளாஸ்திரிச் சுருளை வாங்கினாள். பழைய ஷூவைச் சுற்றிச் சுற்றி ஒட்டினாள். எழுந்து போனாள். மீதிப் பந்துகளைப் போட்டாள். கடைசியில் இன்னொரு விக்கெட்டும் எடுத்தாள்.

அணி தோற்றுவிட்டது. ஆனால் மறுவாரம் முகாமுக்குக் கூப்பிட்டார்கள்.

ஒப்பந்தம்? மேட்ச் முடிந்ததும் அந்தப் பையன் வந்தான். "எனக்கும் மேல ஆளுங்க இருக்காங்க மேடம். இந்த சீசனுக்கு நிறுத்தி வைக்கச் சொல்லிட்டாங்க," என்றான். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பிளாஸ்திரி போட்ட ஷூவைத்தான் பார்த்தான். "ஒரு போட்டோ எடுத்துக்கவா?" என்று கேட்டு எடுத்துக்கொண்டான்.

அன்றைக்கு மாடியில் டி.வி. சத்தம்கூடக் கேட்கவில்லை.

நாலைந்து நாள் கழித்து ஒரு போன். ராணிப்பேட்டையிலிருந்து. கம்பெனிக்கு ஷூ தைத்துக் கொடுக்கும் தொழிற்சாலையில் டிசைன் பிரிவில் இருக்கும் ஒரு பெண். அந்தப் போட்டோவை அவருக்கு அனுப்பி வைத்திருக்கிறான் அந்தப் பையன்! "உங்க ரெண்டு காலையும் பேப்பர்ல வரைஞ்சு அனுப்புங்க மேடம். செஞ்சு பாக்கறேன். பிராமிஸ் எல்லாம் பண்ண முடியாது," என்றாராம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஹால் அமர்க்களப்பட்டது. தன் ஒருத்தி காலை வரைந்து அனுப்பியிருந்தால் ரெபேக்கா வேலை முடிந்திருக்கும். அவளோ மொத்த அணியையும் வரச்சொல்லிவிட்டாள். வர முடிந்தவர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். பழைய காலண்டர் தாள்களைப் பின்பக்கம் திருப்பிப் போட்டோம். ஒவ்வொருவராக ஏறி நிற்க, பிரபு பென்சிலால் சுற்றி வரைந்தான். கூச்சத்தில் ஒரே சிரிப்பு.

எல்லாருடைய கால்விரலிலும் ஒரே மாதிரி அடர்த்தியான மெரூன் நெயில் பாலிஷ். "என்னடி, டீம் கலரா?" என்றாள் என் மனைவி.

சிரிப்பு நின்றது. விக்கெட் கீப்பர் பெண்தான் சொன்னாள்: "எங்க எல்லாருக்குமே ஆம்பளைங்க ஷூதான ஆன்ட்டி, கீழ நகம் கறுப்பா இருக்கு. கல்யாண வீட்டுக்குப் போனா எல்லாரும் கேக்கறாங்க. அதான்."

ஒரு பெண்ணுக்குப் பெருவிரலில் நகமே இல்லை. தோல் மேல் நகம் மாதிரியே அழகாக வரைந்து பாலிஷ் போட்டிருந்தாள்.

யாருமே கம்ப்ளெய்ன்ட் பண்ணவில்லை என்று அந்தப் பையன் சொன்னது பொய் இல்லை. யாருமே கேட்டதும் இல்லை, அதுதான் விஷயம். கிடைப்பதே பெரிசு என்று வாயை மூடிக்கொண்டு ஓடுகிறவர்கள் விளையாட்டு மைதானத்தில் மட்டுமா இருக்கிறார்கள்?

தாள்களைச் சுருட்டி அனுப்பினாள். ராணிப்பேட்டைப் பெண் மறுபடி கூப்பிட்டார். "உங்க ஒருத்தர் அளவுதானே மேடம் கேட்டேன்?"

"பதினோரு பேர் ஆடற ஆட்டம் மேடம்," என்றாள் ரெபேக்கா.

போன வியாழக்கிழமை விக்கெட் கீப்பர் பெண்ணையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி ராணிப்பேட்டை போய் வந்தாள். மாதிரிக்கு ரெண்டு ஜோடி தயாராக இருந்ததாம். லாரி நிற்கும் மண் தரையில் ஓடிப் பார்த்திருக்கிறார்கள். தையல் வேலை பார்க்கும் பெண்கள் எல்லாம் மெஷினை விட்டு எழுந்து வந்து ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தார்களாம். மற்றவர்களுக்கும் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். கடைக்கு வருமா? மேலிடம் முடிவு செய்ய வேண்டும். நின்ற ஒப்பந்தம் திரும்ப வருமா? அதுவும் தெரியாது.

"எப்படிம்மா இருந்தது?" என்று கேட்டேன்.

படியில் உட்கார்ந்து யோசித்தாள். "ஓடறப்ப கால் ஞாபகமே வரல அங்கிள். பந்து மட்டும்தான் ஞாபகத்துல இருந்துச்சு."

இனிமேல், காலடியில் வந்து இறங்கும் அவள் பந்துக்கு எதிரே மட்டை பிடிக்கிறவர்கள் தங்கள் பெருவிரலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளட்டும்!