சாந்தினியின் தேடு பை

பெருநகர் என்கிற ஊரின் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, உரக்கடைக்கும் சலூனுக்கும் நடுவில் சாந்தினி கடை போட்டபோது, அது தீபாவளி வரைக்கும் தாங்காது என்றுதான் ஊரில் பேசிக்கொண்டார்கள். எல்லோரையும்விட உரக்கச் சொன்னவன் அவளுடைய அண்ணன் கலைச்செல்வன். ஒரகடத்தில் செல்போன் கம்பெனியில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, கான்ட்ராக்ட் முடிந்து வீடு திரும்பிய தங்கச்சி ஒரு ஃபேன்ஸி ஸ்டோரோ ஜெராக்ஸ் கடையோ வைப்பாள் என்று அவன் நினைத்திருந்தான். அவளோ துப்பறியும் கதைப் புத்தகங்களையும், பூதக்கண்ணாடி, திசைகாட்டி, சூட்சுமம் தெரிந்தால்தான் திறக்கிற மரப்பெட்டி என்று விளையாட்டுச் சாமான்களையும் அடுக்கினாள்.

"இந்த ஊர்ல எவன் வாங்குவான் இத?"

"வாங்கறவன் வாங்கட்டும். நீ வாங்காத."

கல்யாணம் வேண்டாம் என்று சொன்னதும் இதே குரலில்தான். அந்தக் குரல் வந்துவிட்டால் மேலே பேசிப் பிரயோஜனம் இல்லை என்று கலைச்செல்வனுக்குத் தெரியும். இருந்தும் பேசுவான்.

கம்பெனி பஸ்ஸில் மற்றப் பெண்கள் ஜன்னலில் தலைசாய்த்துத் தூங்கிக்கொண்டு வருவார்கள். சாந்தினி மட்டும் புத்தகம் படித்துக்கொண்டு வருவாள். காணாமல் போன வைரம், காணாமல் போன கப்பல், காணாமல் போன வாரிசு. எல்லாம் பிடிக்கும். ஒரே ஒரு குறை. எல்லாமே பனிமலையிலும் தீவிலும் அரண்மனையிலும்தான் தொலைந்தன. ஏன், செய்யாற்று மணலில் ஒன்றும் தொலையாதா?

அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் தேடு பை. ஒரு துணிப்பை. உள்ளே அவளே எழுதி, உத்திரமேரூரில் அச்சடித்து வந்த சின்னக் கதை, கிழிந்த வரைபடம், ஒரு துண்டுக் கண்ணாடி, ஒரு சாவி. மறுவீட்டுக்குப் போகும் வழியில் ஆற்றில் தொலைந்த கொலுசு, போஸ்ட்மேனின் தொலைந்த சைக்கிள் என்று பைக்கு ஒரு கதை. கதையைப் படித்துவிட்டு ஏரிக்கரை, களத்துமேடு, மதகு என்று குறிப்புகளைத் தொடர்ந்து போனால், அவள் ஒளித்து வைத்த பொருள் கிடைக்கும்.

பையன்கள் கிரிக்கெட்டை விட்டு வரவில்லை. பெண் பிள்ளைகள் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பின்மேல் வரிசையாகப் போகிற அவர்களைப் பார்த்து ஊர் முணுமுணுத்தது.

"பொட்டப் புள்ளைங்கோ கயினி கயினியா சுத்திக்கினு கீதுங்க. நாளைக்கி எதுனா ஆச்சின்னா உன்னதான் கேப்பாங்க," என்றான் கலைச்செல்வன்.

"கேக்கட்டும். எனக்கு வாயி கீதுல்ல."

அண்ணன் சொன்ன அந்த 'நாளைக்கு' மே மாதத்தில் வந்து சேர்ந்தது. சேட்டு என்கிற விவசாயியின் மகள் அம்முலு, எட்டாவது முடித்த பெண், காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றப் போனவள் வீடு திரும்பவில்லை. காலிக் கேன் மட்டும் சொசைட்டிப் படியில் இருந்தது. சேட்டு முதலில் தன் பம்ப்செட் கொட்டகையில் பார்த்தார். பிறகு கிணறு, ஏரி, உறவுக்காரர் வீடுகள். போன வாரம் அம்முலு தேடு பை வாங்கினாள் என்று யாரோ ஞாபகப்படுத்த, கூட்டம் கடைக்குத் திரும்பியது.

வந்த வேகத்தில் ஒருவன் தொங்கிக்கொண்டிருந்த பைகளை அறுத்து ரோட்டில் வீசினான்.

"எம் பொண்ணு எங்க?" சேட்டுக்கு மூச்சு இரைத்தது.

"எனக்குத் தெரியாதுண்ணா."

"உன் பைய எடுத்துக்கினுதான் போயிருக்குது. அது வூட்ல காணோம்."

அந்தப் பையின் குறிப்புகள் போகிற இடங்களையெல்லாம் சாந்தினி சொன்னாள். எல்லாவற்றையும் ஆட்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டார்கள். கலைச்செல்வன் முன்னால் வந்து கையை நீட்டினான்.

"கடைய சாத்திட்டு சாவிய குடு. இனிமே தொறக்கக் கூடாது."

"சாத்தறேன். புள்ளைய தேடணும், அதுக்கு. நீ சொன்னேன்னு இல்ல." ஷட்டரை இழுத்துப் பூட்டினாள். "சாவி எங்கிட்டதான் இருக்கும்."

ரோட்டில் கிடந்த பைகளைத் தாண்டி நேராகச் சேட்டு வீட்டுக்குப் போனாள். அம்முலுவின் அம்மா சுதா அடுப்படியில் சுருண்டு கிடந்தாள். காலையிலிருந்து எல்லோரும் அவளிடம் பெண் எங்கே போனாள் என்றே கேட்டிருந்தார்கள். சாந்தினி வேறு மாதிரி கேட்டாள்.

"அண்ணி, வூட்ல வேற இன்னா காணோம்? எழுந்து பாரு."

சுதா எழுந்து பார்த்தாள். பொரி டப்பா இல்லை. தண்ணி பாட்டில் இல்லை. துணி அலமாரியைத் திறந்தவள் அப்படியே நின்றாள். அம்முலுவின் பள்ளிக்கூட யூனிஃபார்ம் இல்லை.

"லீவுல எதுக்கு யூனிஃபார்ம்?"

சுதா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகுதான் விஷயம் வந்தது. சேட்டுவின் தங்கச்சிக்குச் சித்தூரில் இரட்டைக் குழந்தை பிறந்திருக்கிறது. பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. நாளைக் காலையில் அம்முலுவைக் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. எட்டாவது வரை படித்தது போதும் என்று சேட்டு முடிவு செய்துவிட்டார்.

சாந்தினிக்குத் தன் கதையிலேயே தான் எழுதிய ஒரு வரி நினைவுக்கு வந்தது. தேடி முடித்த இடத்தை யாரும் மறுபடி தேட மாட்டார்கள். கொலுசுக் கதையில், மணலில் கிடந்த கொலுசை எடுத்து ஒளித்த திருடன் தப்பித்தது அப்படித்தான். போன வாரம் அம்முலு வாங்கியது அந்தக் கதைப் பைதான். காலையில் முதன்முதலாகத் தேடிய இடம் எது? அவள் அப்பாவின் கொட்டகை.

வெயிலில் வரப்பு சுட்டது. கொட்டகைக் கதவு ஒருக்களித்திருந்தது. மோட்டாருக்குப் பின்னால் சாக்கு விரித்து, மடியில் துணிப்பையோடு அம்முலு உட்கார்ந்திருந்தாள்.

"அப்பா காலைல வந்தப்ப எங்க இருந்த?"

"கரும்புக்குள்ள. அவரு பாத்துட்டு போனதும் உள்ள வந்துட்டேன்." பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். "யக்கா, நா சித்தூருக்குப் போமாட்டேன்."

சாந்தினி அவளைக் கையைப் பிடித்து இழுக்கவில்லை. சுதாவுக்குப் போன் செய்து, பிள்ளை பத்திரம், நீயும் சேட்டண்ணனும் மட்டும் வாங்க என்றாள். பாதி ஊர் வந்தது. முன்னால் வந்த சேட்டு கையை ஓங்கியபடி கொட்டகையை நெருங்க, சாந்தினி வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"நவுரு சாந்தினி."

"நவுர மாட்டேண்ணா. இது காணாமப் போன புள்ள இல்ல. ஒளிஞ்சிக்கினு கீது. எதுக்குன்னு மொதல்ல கேளு."

"அது என் வூட்டு விசயம்."

"காலைல என் கடைல வந்து கத்தறப்ப அது தெரியலியா? ஊரே வந்து நிக்கிது. ஊருக்கு முன்னாலயே கேளு."

சேட்டு கேட்கவில்லை. உள்ளேயிருந்து அம்முலுவே சொன்னாள். "நா ஒம்போதாவது போணும்பா." அது வெளியே நின்ற எல்லோருக்கும் கேட்டது.

யாரும் எதிர்பாராமல் பேசியது சுதாதான். "அது போவாது. உன் தங்கச்சி வூட்டுக்கு நா போறேன். கொஞ்ச நாளைக்கி நீ சோறாக்கித் துன்னு."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சேட்டு சிரிக்கவில்லை. தொட்டிக் கட்டைமேல் உட்கார்ந்து, தலையில் தண்ணீரை அள்ளி ஊற்றிக்கொண்டார். "பாம்பு கீற எடம்டி இது. சொம்மா இங்க வந்து குந்திக்கினு கீறியே," என்று மகளைப் பார்த்துச் சொன்னார். சற்றுமுன் ஓங்கின கை ஈரத்தோடு மடியில் கிடந்தது.

ஜூன் மாதம் அம்முலு ஒன்பதாவது போனாள். அதற்காக ஊர் சாந்தினியைத் தூக்கிவைத்துக் கொண்டாடவில்லை. பைகளை வீசியவன் மன்னிப்புக் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு ஒளிந்துகொள்ளக் கற்றுக்கொடுக்கிறாள் என்று புதுப் பேச்சு கிளம்பியது. சில வீடுகளில் கடைப் பக்கமே போகக் கூடாது என்று தடை போட்டார்கள். சேட்டு இன்றைக்கும் வண்டியில் கடையைத் தாண்டும்போது நேராகப் பார்த்துக்கொண்டுதான் போவார்.

கலைச்செல்வன் ஒரு நாள் வந்து கடை வாசலில் நின்றான். "தோ பாரு, ஊர்ல நாலு பேரு பேசறாங்க. ஞாயித்துக்கிழம வெளாட்ட மட்டும் வுட்டுடு. பேஜாரு."

"யாருக்கு பேஜாரு? உனக்கா, எனக்கா?"

சாந்தினி அந்த வாரமே அடுத்த பையை எழுதி முடித்தாள். பொருளை இந்த முறை தெருக்கோடி எல்லையம்மன் கோயில் வேம்படியில் ஒளித்தாள். அண்ணன் வீட்டைத் தாண்டாமல் அங்கே போக முடியாது. அதுவும் வாசல் வாசலாக உரக்க எண்ணிக்கொண்டே போக வேண்டும் என்று குறிப்பில் எழுதியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது நான்கே பெண்கள். நால்வரும் தொண்டை கிழியக் கத்தி எண்ணினார்கள். வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கலைச்செல்வன், பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்தி, வழிவிட்டுக் காலை மடக்கிக்கொண்டான். அவன் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, எண்ணிக்கையில் ஒரு வாசலை விட்டுவிட்டார்கள் என்று பிள்ளைகளைத் திருத்தினாள்.