ஆளில்லாத ஆலமரம்

வத்தலக்குண்டு ரோட்டில் தண்ணீர் விளையாட்டுப் பூங்கா வந்தபோது சுந்தரம்மாளுக்கு அங்கே தோட்ட வேலை கிடைத்தது. தினக்கூலிதான். புருஷன் போன பிறகு அந்தக் கூலியில்தான் வீட்டில் உலை கொதித்தது.

இரண்டாயிரத்து மூன்று, மழை பொய்த்த வருஷம். கார் நிறுத்த இடம் போதவில்லை, அங்கிருந்த ஆலமரத்தை எடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. மரத்தில் கை வைக்குமுன் அதில் குடியிருப்பவர்களிடம் சொல்லிவிடுவது ஊர் வழக்கம். காக்கா குருவிக்கும் சேர்த்துத்தான் சொல்வது. கண்ணுக்குத் தெரியாமல் குடியிருக்கிற மற்றதன் பேரை யாரும் எடுப்பதில்லை. முந்தின நாள் பொழுது சாய, சுந்தரம்மாள் மரத்தடியில் வெற்றிலை பாக்கு வைத்தாள்.

"இங்க குடியிருக்கவுக வேற எடம் பாத்துக்கங்க. நாளைக்கு மரம் இருக்காது."

மறுநாள் கோடாலி வரவில்லை, கிரேன் வந்தது. கம்பெனி மரத்தை வெட்டாதாம். வேரோடு பெயர்த்து நுழைவாசலில் நடுமாம். கிளைகளைக் கழித்து, வெட்டின இடத்தில் சாணி பூசி, வேரில் ஈரச்சாக்கு சுற்றித் தூக்கிப்போய் நட்டார்கள். சறுக்குகளில் ஓடிய தண்ணீரைச் சுத்தம் பண்ணி அதற்கு விட ஏற்பாடு. ஊற்றுகிற பொறுப்பு சுந்தரம்மாளுக்கு.

சூப்பர்வைசர் பிராங்க்ளின் சொன்னார்: "அக்கா, இது துளுத்தா ஒங்க வேலை நிரந்தரம். பட்டுப்போச்சுன்னா ரெண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுல வெள்ளரிப்பிஞ்சு விப்போம்."

துளிர்க்கவில்லை. நகத்தால் கீறினால் பட்டைக்கடியில் பச்சை இருந்தது. ஆனாலும் ஒரு காக்கா உட்காரவில்லை, எறும்புகூட ஏறவில்லை. தொட்டால், ஆட்கள் காலி செய்துவிட்டுப் போன வீட்டுச் சுவரைத் தொட்ட மாதிரி இருந்தது.

காக்கைகள் வேறெங்கும் போய்விடவில்லை. பொழுது சாய்ந்தால் மரம் முன்பு நின்ற இடத்தில், வெறுந்தரையில் இறங்கி வட்டமாக உட்கார்ந்தன. அங்கே நிறுத்திய கார்களின் மேல் சிவப்பாய் ஆலம்பழம் கிடந்தது. கார்களைத் துடைத்துத் துடைத்து அலுத்துப்போன வாட்ச்மேன் சங்கிலி, மேலே வானந்தானே இருக்கு, எங்கேருந்து விழுகுது என்று கேட்டார்.

சுந்தரம்மாளுக்குத் தெரியும். போகச் சொன்னது அவள் வாய். போக இடமில்லாமல் அது அங்கேயே நிற்கிறது.

அன்று பூங்கா அடைத்ததும் குடத்தில் தண்ணீரோடு அங்கே போனாள்.

"தெரியாமச் சொல்லிட்டேன். ஒங்க மரம் வாசல்ல இருக்கு, வாங்க. நாந்தான் தண்ணி ஊத்துவேன்."

திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். காற்றே இல்லை. முதுகுக்குப் பின்னால் வாசல்வரைக்கும் இலைகள் சலசலத்துக்கொண்டே வந்தன.

அந்த வாரமே துளிர்த்தது. கம்பெனி விழா வைத்து மரத்துக்கு மாலை போட்டது. சுந்தரம்மாளுக்கு வேலை நிரந்தரமானது. செவ்வாய்க்கிழமை சம்பளத்தோடு லீவு, அன்றைக்குத் தண்ணீர் ஊற்ற வேறு ஆள்.

முதல் லீவில் மத்தியானம் சோற்றில் கை வைத்தாள். ஓட்டின் மேல் ஏதோ விழுந்து உருண்டது. வெளியே வந்து பார்த்தால் ஆலம்பழம். அந்தத் தெருவில் முருங்கையைத் தவிர மரம் கிடையாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று விழுந்தது.

கையைக் கழுவினாள். "இந்தா வாரேன்" என்று கூரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

அதற்குப் பிறகு சுந்தரம்மாள் லீவு எடுத்ததே இல்லை.