பசறை ஏற்றத்தில் கேட்ட உறுமல்

கல்முனையில் எல்லோரும் அந்த மெக்கானிக்கை பாஸ் என்றே கூப்பிடுவார்கள். மெலிந்த ஆள், கிறீஸ் படிந்த சாரன். திருப்புளியின் நுனியை இஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் ஒற்றிக் கண்ணை மூடிக்கொள்வார்.

தொண்ணூறுகளில் நான் பதுளைச் சந்தைக்கு மீன் ஏற்றினேன். முதலில் போய்ச் சேருகிற வண்டியைத்தான் வியாபாரிகள் சூழ்ந்துகொள்வார்கள். பாஸ் என் பிக்கப்பின் எயார் கிளீனரைக் கழற்றி, அகலமான குழாய் பொருத்தி, பம்பில் டீசல் பாயும் அளவையும் கூட்டிவிட்டார். வண்டி அடித்தொண்டையில் உறுமியது.

“இது உங்கட வண்டிக்கு மட்டும்தான் தம்பி” என்றார்.

அதன்பிறகு என்னை ஒருவரும் முந்தவில்லை. ஒருநாள் பதுளை போகும் வழியில், பசறை மலையேற்றத்தில் பின்னால் அதே உறுமல் கேட்டது. பக்கத்து ஊர் நற்பிட்டிமுனைக்காரர் ஒருவரின் பிக்கப் என்னைக் கடந்து மேலே போய்விட்டது.

திரும்பியதும் நேரே பாஸிடம் போனேன்.

“எனக்கு மட்டும் எண்டுதானே சொன்னீங்க?”

அவர் திருப்புளியை எடுத்து என் இஞ்சினில் வைத்துக் காதைக் கொடுத்தார்.

“உங்கடது நல்லாத்தான் ஓடுது. இதுல பழகித்தானே தம்பி, அவர்ட வண்டிய இன்னும் நல்லாச் செஞ்சன்.”

நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்தவர் போல என் முகத்தையே பார்த்தார். இஞ்சினுக்கு மூடுகிற அந்தக் கண்ணை எனக்காக ஒருதரம் வெட்கத்தில் தாழ்த்துவார் என்று நானும் பார்த்துக்கொண்டே நின்றேன்.