கிராணி வீட்டு மின்விசிறி

எழுபதுகளின் கடைசியில், பதினாறு வயதில், நான் மலேசியாவின் ஈப்போவில் நான்காம் படிவம் படித்துக்கொண்டிருந்தேன். வீடு சிம்பாங் பூலாய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். பஸ் காசுக்கே அம்மா அல்லாடினாள். அந்த வருடத்தோடு படிப்பை விட்டுவிட்டு நானும் பால்மரம் வெட்டப் போவதென்று வீட்டில் ஏறக்குறைய முடிவாகியிருந்தது. அப்போதுதான் என் வகுப்பாசிரியர், குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மாதாமாதம் உதவிப்பணம் உண்டு என்றார். மலாய்க்காரர், ‘சிக்கு’ என்று அழைப்போம்; மலாயில் வாத்தியார் என்று பொருள். முதலில் அவர் வீட்டுக்கு வந்து நிலைமையைப் பார்த்து எழுதித் தரவேண்டும்.

அதை அம்மாவிடம் சொன்னதுதான் தப்பு.

அவர் வருவதாகச் சொன்ன சனிக்கிழமை மத்தியானம் கடைக்குப் போய்த் திரும்பியவன், வேறு யார் வீட்டுக்குள்ளோ நுழைந்துவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்கப் பார்த்தேன். மெத்தை வைத்த நாற்காலிகள். பூப்போட்ட திரைச்சீலை. பீங்கான் கோப்பைகள். மூலையில் ஆள் உயரத்துக்கு ஒரு மின்விசிறி. எல்லாம் கிராணி வீட்டுச் சாமான்கள். கிராணி என்றால் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா. எங்கள் கண்ணுக்குப் பாதித் துரை.

“என்னம்மா இது? நம்ம கஷ்டத்தப் பாக்கத்தானே வாராரு?”

“போடா கூறுகெட்டவனே. ஒண்ணுமில்லாத வூட்டுக்கு எந்தக் கடக்காரன்டா நம்பிச் சாமான் குடுத்திருக்கான்? கவர்மெண்டு மட்டும் குடுத்துருமாக்கும்.”

கடனைத் தவிர வேறு எந்த உதவியையும் கண்டிராதவள். “நீங்களே பேசிக்கிங்க” என்று அப்பா வெளியே நழுவிவிட்டார். ஒரு நாற்காலியையாவது கோழிக்கூண்டுக்குப் பின்னால் ஒளித்துவிடலாமென்று தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். சிக்குவின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

“எனக்கா?” என்றார்.

“ஆமாம் சிக்கு” என்று திரும்ப உள்ளே கொண்டுபோய்ப் போட்டேன்.

தகரக் கூரை. உட்கார்ந்தவருக்கு வேர்த்துக் கொட்டியது. அந்த விசிறியைக் கொஞ்சம் போடேன் என்றார் மலாயில். தோட்டத்து ஜெனரேட்டர் சாயங்காலம்தான் ஓடும் என்றேன். அவர் விசிறியைப் பார்த்தார். நாற்காலியின் மெத்தையைத் தடவிப் பார்த்தார். பையிலிருந்து உதவிப்பணத் தாளை எடுத்தார்.

என் வாய் தானாகத் திறந்துகொண்டது. விசிறி எங்களுடையதல்ல என்றேன். நாற்காலி இரவல். திரை இரவல். கோப்பை இரவல். ஏலக்காரனைப் போல ஒவ்வொன்றுக்கும் விரலை நீட்டியபடி, தட்டிலிருந்த பிஸ்கட் வரைக்கும் போய்விட்டேன்.

இதுவரை உள்ளதை மச்சான்களிடம் பலமுறை சொல்லிச் சிரிக்கவைத்திருக்கிறேன். அவர்களிடம் இதோடு நிறுத்திக்கொள்வேன்.

தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது அம்மா. என் பள்ளிக்கூட மலாய் அவளுக்குத் தெரியாது. ஆனால் ‘பிஞ்சாம்’ என்றால் இரவல் என்பது எந்த லயத்தில் தெரியாது?

“பிஸ்குட் சாயா பூஞா, சிக்கு” என்றாள். பிஸ்கட் என்னுடையது. “மாக்கான்லா.”

சிக்கு எடுத்துத் தின்றார். அம்மாவை நிமிர்ந்து பாராமல் தாளில் எழுதினார். அடுத்த மாதத்திலிருந்து பணம் வரும், படிப்பை விட்டுவிடாதே என்று என்னிடம் மெல்லச் சொல்லிவிட்டுப் போனார்.

“கெடச்சிருச்சும்மா” என்றேன்.

“ம்” என்றாள்.

பொழுது சாய்வதற்குள் சாமான்களைத் திருப்பவேண்டும். அவள் விசிறியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பின்னால் போனேன். கிராணியம்மா கதவைத் திறந்து, “வாத்தியாரு என்னா சொன்னாரு?” என்று கேட்டார்.

“அவருக்கு நம்ம வூடு ரொம்பப் புடிச்சிப்போச்சுங்கம்மா” என்றாள் அம்மா.

நான் நாற்காலியை இறக்காமல் அதற்குள்ளேயே முகத்தை மறைத்துக்கொண்டு நின்றேன்.