கரண்டு போன பிறகு மீதிப் படம்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில் அந்தப் பழைய குடும்பக் காமெடிப் படத்தைப் போட்டிருந்தார்கள். கோபித்துக்கொண்ட மனைவி பெட்டியோடு அம்மா வீட்டுக்குக் கிளம்பும் காட்சி. அதற்குமேல் நான் பார்த்ததே இல்லை.

மஞ்சக்குப்பம் வீட்டில் ஒரு ஞாயிறு மதியம் இந்த இடத்தில்தான் கரண்டு போயிற்று. அப்பா அந்தப் படத்தைத் தியேட்டரிலேயே இரண்டு தடவை பார்த்தவர். "உக்காரு பாப்பா, மீதிய நான் காட்டுறேன்" என்று எழுந்தார். அம்மா விட்டுப்போன புடவையைப் பனியன்மேல் சுற்றிக்கொண்டு, தலையணையைப் பெட்டியாகத் தூக்கி, வாசல் வழியாக உள்ளே வந்தார். "சாம்பார் வெக்கத் தெரியாத ஆளு, பட்டினி கெடப்பீங்கன்னு நானே வந்துட்டேன்" என்றார் பெண்குரலில். நான் புரண்டு சிரித்தேன்.

அம்மா காட்டுமன்னார்கோயிலில் தன் பிறந்த வீட்டுக்குப் போய் அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. கரண்டு போகும்போதெல்லாம் அந்த முடிவையே நடிக்கச் சொல்லிக் கேட்பேன்.

இன்று படம் நிற்கவில்லை. கணவன் மாமனார் வீட்டுக்குப் போகிறான். நாய் துரத்துகிறது, வேட்டி அவிழ்கிறது. வாசலில் நின்று "வா, போலாம்" என்கிறான். அவள் உடனே கிளம்பிவிடுகிறாள். பஸ்ஸே சிரித்தது.

அப்பாவுக்கு இது தெரிந்திருக்கிறது.

அப்போதெல்லாம் லீவு விட்டால் அம்மாவிடம் போக என்னை பஸ் ஏற்றி, கண்டக்டரிடம் சொல்லிவிட்டு, அவர் கீழேயே நின்றுகொள்வார். அங்கே நான் இறங்கியதும் அம்மா எனக்குப் பின்னால் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"பஸ் ஏத்திவுட்டது யாரு?"

"அப்பா."

என் பையை வாங்கிக்கொண்டு நடப்பாள்.

"அவரும் அப்படியே ஏறி வந்திருக்கலாம்ல."