படத்தில் நின்ற எலி

அண்ணன் என்னை "எலி டொக்டர்" என்றுதான் கூப்பிடுவார். அவருக்குக் கொழும்புத் துறைமுகத்தில் கிளார்க் வேலை, கொட்டாஞ்சேனையில் வீடு. நான் வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட்டில் தனியாக இருக்கிறேன். ஞாயிறு பூசை முடிந்தால் எனக்குச் சாப்பாடு அவர் வீட்டில்தான்.

அவர் சொல்வதும் பொய்யில்லை. காயம்பட்ட தோலை மூட உடம்பே ஒரு சிறு புரதத் துண்டை அனுப்பும். அதைப்போல ஒரு பெப்டைட்டை நாங்கள் ஆய்வுகூடத்தில் செயற்கையாகக் கோர்த்தெடுத்தோம். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வரவைத்த எலிகளின் முதுகில் காயம் செய்து, அதைக் களிம்பில் கலந்து பூசினோம். நெடுநாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு எலியின் காயம் இரண்டு கிழமையில் மூடிவிட்டது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிறு அந்த எலியின் படத்தை ஃபோனில் கொண்டுபோய்க் காட்டி, அண்ணனுடைய ஃபோனுக்கும் அனுப்பினேன்.

அண்ணனுக்கும் சீனி வருத்தம். சப்பாத்து கடித்து வலது கால் பெருவிரலில் ஒரு புண் இருந்தது.

"இது எனக்கும் சரிவருமா?" என்று கேட்டார்.

"வரும் அண்ணா, கொஞ்சம் பொறுங்கோ."

வாய்க்கொழுப்பு. எலியின் தோல் சுருங்கி மூடும், மனிதத் தோல் அப்படி மூடாது, மனிதருக்குப் பூச இன்னும் பல வருடம் செல்லும். எல்லாம் தெரிந்த வாய்தான் அப்படிச் சொன்னது. சோறு போட்டுக்கொண்டிருந்த அண்ணியின் முகம் மலர்ந்தது. அதன் பிறகு திருத்திச் சொல்ல மனம் வரவில்லை.

அடுத்த மாதம் கிளினிக்கில் விரலை எடுக்க வேண்டும் என்றிருக்கிறார்கள். அண்ணன் மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். எனக்குச் சொல்லக்கூடாது என்று அண்ணியிடம் சத்தியமும் வாங்கியிருக்கிறார். ஞாயிறுகளில் சொக்ஸ் போட்ட காலை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு என்னோடு பகிடி விட்டுச் சிரித்தபடி சாப்பிட்டார். புண்ணே தொழிலாக இருக்கிற எனக்கு, அழுகின மணம் வரும்வரை தெரியவில்லை.

"ஏன் என்னட்ட சொல்லேல்ல?" என்று கத்தினேன்.

"சொன்னா நீ அவசரப்பட்டு வேலையைப் பிழையாக்கிப்போடுவாய். நீ ஆறுதலா, நேரமெடுத்துச் செய். நான் பொறுப்பன்."

அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஆனால் கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டிருந்தது. மறுநாள் பின்னேரம் கட்டிலருகில் இருந்த என்னிடம் அண்ணன் கேட்டார்:

"அந்தப் படத்தில நிண்ட எலி இப்ப எப்பிடி இருக்கு?"

படம் எடுத்த கையோடு அதை நான் கொன்றிருந்தேன். புதுத் தோலை வெட்டி நுணுக்குக்காட்டியில் பார்க்க எங்களுக்கு வேறு வழியில்லை. காயம் ஆறினாலும் ஆறாவிட்டாலும் எல்லா எலிக்கும் முடிவு அதுதான். அண்ணனிடம் நான் சொல்லாமல் விட்டவற்றில் அதுவும் ஒன்று.

"நல்லா ஓடித் திரியுது அண்ணா."

"அப்ப சரி," என்று கண்ணை மூடிக்கொண்டார். இரண்டு நாளில் போய்விட்டார்.

அவருடைய ஃபோனை இப்போது அண்ணி பாவிக்கிறார். போன ஞாயிறு சாப்பிடும்போது அந்தப் படத்தை எடுத்து எனக்குக் காட்டினார்.

"அழிக்க மனமில்ல. இதாவது சுகமா இருக்கட்டும்," என்றார்.

நான் "ஓம்" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தேன்.